காது குத்தாத மகன்

ராயபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தம் பரிசோதிக்கும் டாக்டர் அவர். ஒல்லியான உடம்பு, வெள்ளைக் கோட்டின் ஐந்து பொத்தான்களில் இரண்டு இல்லை. அது 1950களின் தொடக்கம். என் நான்கு வயது மகனுக்கு ஈறு கிழிந்து இரண்டு நாளாக ரத்தம் நிற்கவில்லை. அவன் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, உறைகிறதா என்று அரை நிமிடத்துக்கு ஒருமுறை சாய்த்துப் பார்த்தார். நானும் எண்ணினேன். அறுபது தடவை சாய்த்த பிறகும் தண்ணீராகவே ஓடியது.

"புள்ளைக்குக் காது குத்தியாச்சாம்மா?" என்று என் மனைவியைக் கேட்டார்.

"இல்ல டாக்டரே. மடியில வெச்சிக்க தாய்மாமன் இல்ல. என் தம்பி சின்னதுலயே பல்லு வுயுந்து, ரத்தம் நிக்காம பூட்டான்."

அவர் குழாயை வைத்தார். "ரத்தம் உறையாத அதே நோய்தாம்மா, தாய்வழியா ஆம்பளப் புள்ளைங்களுக்கு வர்றது. அன்னிக்கு யாருக்கும் தெரியல, இன்னிக்கு தெரிஞ்சுபோச்சு. புது ரத்தம் ஏத்தினா நிக்கும். காது மட்டும் குத்திடாதீங்க."

"எத்தனை மணி நேரத்தில் நிற்கும்?" என்றேன்.

"எண்ணினது போதும் சார், கையை நீட்டுங்க. உங்க ரத்தம் சேருதான்னு பாக்கணும்."

சேர்ந்தது. மறுநாள் நின்றது. மகனுக்கு இப்போது காதோரம் நரைத்துவிட்டது; காதில் துளை இல்லை. குழாயைக் கையில் வைத்துக்கொண்டு காதைப் பற்றிக் கேட்க அவருக்கு எப்படித் தோன்றியது என்று இன்றும் யோசிக்கிறேன்.