நகரத்தின் நடுப்புள்ளி

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் மேப் அக்கா. அந்த இணையச் செய்தித் தளத்தில் மற்றவர்கள் பேட்டிக்காக நாயாய் அலைவார்கள். அவள் மின்விசிறிக்கு அடியில் இருந்த மேசையை விட்டு நகர மாட்டாள். அரசுத் துறைகள் பொதுமக்களுக்காக இணையத்தில் போட்டுவைக்கும் தகவல்களை இறக்கி, தூசி தட்டி, வரைபடமாக்கிக் கொடுப்பது அவள் வேலை. "அண்ணி ஊரையே கம்ப்யூட்டர்ல பாத்துருவாங்க, பக்கத்து வீட்டுல யாருன்னு கேட்டா முழிப்பாங்க" என்று நாத்தனார் கேலி செய்வாள். அவளும் சிரித்துக்கொள்வாள். கெட்டிக்காரி என்ற தலைக்கனம் கொஞ்சம் உண்டு, சொல்வதற்கென்ன.

குழாயில் அழுக்குத் தண்ணீர் வருவதாக மக்கள் கொடுத்த புகார்களை அந்த வாரம் மாநகராட்சி வெளியிட்டது. முகவரிகளை மென்பொருளில் கொடுத்தால் அதுவே புகாருக்கு ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிடும். அதற்கு ஒரு பொல்லாத குணம். முகவரி புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லாது. நகரத்தின் நட்டநடுவில் புள்ளியைக் குத்திவிட்டு வாயை மூடிக்கொள்ளும். இது அவளுக்குத் தெரியாததல்ல. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுப்பதுதான். ஆனால் அன்று தளத்தின் ஆசிரியர் தலைமேல் நின்றார். "வேற யாராவது முந்திட்டா நமக்கு என்ன மிச்சம்?"

வரைபடத்தின் நடுவில், ஒரு சந்தில், புள்ளிகள் குவிந்து ரத்தக்கட்டு போலத் தெரிந்தன. பார்த்ததும் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்ததோ சந்தோஷம். 'நகரத்திலேயே மோசமான தண்ணீர் இந்தச் சந்தில்தான்' என்று தலைப்பையும் அவளே வைத்தாள். செய்தி பிய்த்துக்கொண்டு ஓடியது.

அடுத்த செய்திக்காக அந்தச் சந்துக்கே நேரில் போனாள். இருபக்கமும் பூட்டிய கிடங்குகள். ஒரே ஒரு வீடு, அதில் ஒரு குழந்தைகள் காப்பகம். வரிசையாகச் சின்ன நாற்காலிகள், சுவரெல்லாம் கிரேயான் கிறுக்கல். ஒரு குழந்தைகூட இல்லை. அதை நடத்தும் அம்மாள், வெயிலில் வந்தவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். அவள் வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

"நீங்களும் குடிக்க மாட்டீங்களா?" என்றார் அந்த அம்மாள். "இந்தச் சந்துல குடியிருக்குறது நான் ஒருத்திதாம்மா. நான் புகாரே குடுக்கலை. அப்புறம் இத்தனை புகார் யார் குடுத்தது?"

குழந்தைகள் நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். ஒவ்வொரு புள்ளியாகத் தட்டி, புகாரில் இருந்த முகவரியைப் பார்த்தாள். 'தண்ணித் தொட்டி பக்கம்.' 'பழைய ஸ்கூல் எதிரே.' 'மாடி வீடு.' ஊரின் எந்தெந்த மூலையிலோ இருந்த வீடுகளின் அழுக்கையெல்லாம் இந்த ஒரு வாசலில் கொண்டுவந்து கொட்டியிருந்தாள். காது மடல் வரை சுட்டது. தண்ணீரை மடமடவென்று குடித்தாள். குடித்துவிட்டால் தீர்ந்துவிடுமா? வெட்கக்கேடு.

"தப்பு என்னுதும்மா. சரிபாக்காம போட்டுட்டேன்."

அந்த அம்மாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வரைபடத்தைத் திருத்தினாள். ஆசிரியர் செய்தியின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தார். அதை யார் படிக்கப்போகிறார்கள்? செய்தியைப் பார்த்து நின்றுபோன குழந்தைகளில் ஒன்றுகூடக் காப்பகத்துக்குத் திரும்பவில்லை. "நான் சொன்னா பொழப்புக்காகச் சொல்றேன்ங்கிறாங்க. நீங்களே வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார் காப்பக அம்மாள். இருவரும் அந்தப் பிள்ளைகளின் வீடு வீடாகக் கிளம்பினார்கள்.

முதல் வீட்டில் கதவைத் திறந்த பெண், விஷயத்தைக் கேட்டதும் மேப் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த மேப் போட்டது நீங்கதானா! நல்ல வேளைங்க. இல்லன்னா என் பிள்ளை என்ன ஆயிருக்கும்!"

"இல்லைங்க, அது தப்பு. அந்த வீட்டுல தண்ணி நல்லாத்தான் இருக்கு."

அந்தப் பெண் படிக்கட்டில் நின்ற காப்பக அம்மாளை ஓரக்கண்ணால் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "யாராவது மிரட்டுறாங்களா?"

"யாரும் மிரட்டலை. என் அலட்சியம்."

"சும்மா சொல்லாதீங்க. உங்களைப் பாத்தா அப்படித் தெரியலை."

இதற்குள் உள்ளேயிருந்து ஒரு பிள்ளை எட்டிப் பார்த்தது. காப்பக அம்மாளைக் கண்டதுதான் தாமதம், செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு, "போலாமா?" என்று ஓடிவந்தது. தாய் அதை அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "தப்பா நினைச்சுக்காதீங்க" என்று கதவைச் சாத்தினாள். உள்ளே பிள்ளை வீறிட்டு அழுவது கேட்டது.

மேப் அக்காவுக்கு அந்தப் படியிலேயே செத்துவிடலாம் போலிருந்தது. காப்பக அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்க" என்றார். "அடுத்த வீடு மாடியில."