பார்த்தியா, நெனச்சியா?

தோட்டத்து ஆபீசில் வெள்ளைக்கார அதிகாரி இருந்தார். எங்களை மேய்க்கும் கங்காணியான மண்டோர் இருந்தார். ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கும் நாங்கள் மூவர் இருந்தோம். கை கட்டப்பட்டு மாரி நின்றான். எங்கள் சாட்சியை ஆங்கிலத்தில் சொல்ல சிரம்பானிலிருந்து ஒரு துபாஷி வந்திருந்தார்.

காட்டில் ஒளிந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலம் அது. காட்டிலிருப்பவர்களுக்கு மாரி அரிசி கொடுத்தான் என்றோம். லாரியில் ஏற்றினால் தடுப்பு முகாம்தான்.

துபாஷி ஒல்லி. மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டியிருந்தார். யார் எது சொன்னாலும் ஒன்றே கேட்டார்.

"பார்த்தியா, நெனச்சியா?"

"வேலைக்குப் போறப்ப மாரியோட தூக்குச்சட்டி கனமா இருந்திச்சுங்க," என்றேன்.

"தூக்கிப் பார்த்தியா?"

"இல்லைங்க. அவன் நடையப் பார்த்து நெனச்சேன்."

மண்டோர் சிரித்தார். "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே லா."

"நீங்க பார்த்தீங்களா, மண்டோரே?"

மண்டோர் இல்லையென்று தலையாட்டினார். மற்ற இருவரும் அப்படியே.

துபாஷி அதிகாரியிடம் சொன்னார். மாரியின் கட்டை அவிழ்த்தார்கள். துபாஷி எங்களை ஏசவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. தாளில் எழுதியதை மட்டும் எங்களுக்கும் படித்துக் காட்டினார்: பார்த்தவர் யாருமில்லை. நினைத்தவர் நான்கு பேர்.