எண்ணெய்க்குக் குளிரெடுக்கும் துறைமுகம்

இங்கே காலையில் நான் காப்பி குடிப்பதற்கு முன்னால் வண்டிக்குச் சூடு கொடுக்க வேண்டும். போலந்து நாட்டில், பால்டிக் கடலோரத் துறைமுகம் ஒன்றில், நிலக்கரி அள்ளும் லோடர்களுக்கு நான் மெக்கானிக். கரி அள்ளும் பக்கெட்டை அழுத்தத்தால் தூக்குகிற ஹைட்ராலிக் ஆயில் குளிரில் தேன்போல இறுகிவிடும் என்று டேங்கிலேயே ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். ஆயில் வெதுவெதுப்பாகும்வரை பக்கெட்டைத் தூக்கக்கூடாது. முதல் நாள் அந்த ஹீட்டர் ஒயரைக் கையில் பிடித்தபடி சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற ஆபரேட்டர் டாரெக், தன் தொப்பியைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்து, அதைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டான். பதினாறு வருஷம் ஆயிலைக் குளிர வைப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவன் நான் என்று அவனுக்கு எந்தப் பாஷையில் சொல்வது?

தூத்துக்குடித் துறைமுகத்தில் எங்கள் யார்டில் கரித்தூசியும் உப்புக் காற்றும் சேர்ந்து எதையும் விட்டுவைக்காது. மெல்லிய தகடுகள் அடுக்கிய பெட்டிதான் ஆயில் கூலர். வேலை செய்து சூடேறிய ஆயில் அதற்குள் ஓடி, ஃபேன் காற்றில் சூட்டை விட்டுவிட்டு டேங்குக்குத் திரும்ப வேண்டும். தகடுகளுக்கிடையே தூசி அடைத்ததோ, ஆயில் தண்ணீராய் இளகும், சீல்கள் கருகும், தூக்கிய பக்கெட் தானாகத் தணியும். அதனால் விடிந்ததும் கூலரைத் திறந்து காற்றடிப்பேன், காற்றுக்கும் போகாத பிசுக்கைத் தண்ணீர் விட்டுக் கழுவுவேன். எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்ததில்லை. கை சுட்டுச் சுட்டுப் படித்ததுதான். அப்பா உடன்குடியில் கருப்பட்டி வியாபாரி. "நெழல்ல உக்காந்து யாவாரம் பாக்க வேண்டிய பய, கரிக்குள்ள கெடக்கான்" என்று கடைக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

அந்தக் கரிக்குள் எனக்கு வாய்த்த கூட்டாளி ரொசாரி, லோடர் ஆபரேட்டர். முத்துக்கும் சங்குக்கும் தலைமுறையாகக் கடலில் முங்கிய குடும்பம் அவனுடையது. பக்கெட் முழுக்க உயர்ந்த பிறகும் லிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருப்பது அவனிடமிருந்த கெட்ட பழக்கம். அப்போது ஆயிலுக்குப் போக்கிடம் இல்லாமல், அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வைப் பிதுக்கிக்கொண்டு பாயும். அந்த அழுத்தம் அத்தனையும் சூடாக மாறும். வால்வு கீச்சென்று அலறும்.

"ஏலே, லிவர விடுல! வால்வு கத்துதது காதுல விழலையா?"

"நீ போடுத சத்தத்துக்கு அது எவ்வளவோ தேவலைல" என்பான் மேலேயிருந்து. "எங்க வீட்டுல எல்லாவனுக்கும் மூச்சப் பிடிக்கத்தாம்ல தெரியும். வண்டிய மூச்சு விட வைக்கது ஒன் சோலி."

அவன் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அன்றிலிருந்து கூலர் எனக்கு வண்டியின் மூக்காகவே ஆகிவிட்டது. மூக்கை யாராவது பொத்தினால் சும்மா இருக்க முடியுமா? அதுதான் இங்கே என்னை மாட்டிவிட்டது.

வந்த இரண்டாம் மாதம். மூன்று மாதம் என் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் ஒப்பந்தம் போடுவார்கள். பிடிக்காவிட்டால் விமானம் ஏற்றிவிடுவார்கள். ஊர் யார்டில் வண்டிகளைக் குறைத்து, என்னையும் நிறுத்திவிட்டதால்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தேன். ஒரு காலை, டாரெக்கின் லோடரில் கூலருக்கு முன்னால் தார்ப்பாய்த் துண்டு ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தது. எந்த மடையன் செய்த வேலை என்று அவிழ்த்தேன். ஆயில் சூடு வீணாகாமல் இருக்க, குளிர்காலத்தில் இங்கே கூலரைப் பாதி மறைப்பது வழக்கமாம். எனக்கு அது தெரியாது. உள்ளே பிசுக்கு. வழக்கப்படி ஹோஸை இழுத்துவந்து வெந்நீர் விட்டு ஆசைதீரக் கழுவிவிட்டு, அடுத்த வண்டியைப் பார்க்கப் போனேன். வெளியே மைனஸ் பன்னிரண்டு.

கால்மணி நேரத்தில் டாரெக் வந்து ஸ்டார்ட் செய்தான். ஐஸாய் உறைந்து கூட்டோடு ஒட்டிக்கிடந்த ஃபேன், டமாரென்று இறக்கை ஒடிந்து சிதறியது. சூப்பர்வைசர் மாரெக் ஓடிவந்தார். முந்தின நாள் வேலை முடிந்து வண்டியைக் கழுவியது டாரெக். துடைக்காமல் விட்டிருக்கிறான் என்பது அவர் முடிவு. அவன் கையை விரித்து விரித்து ஏதோ சொன்னான். அவர் கேட்கவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் ஒரு குஞ்சுக்கும் தெரியப்போவதில்லை. உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் பேசாமல்தான் நின்றேன். திரும்பிப் போனால் ஊரில் வேலை இல்லை என்பது மட்டுமே மண்டைக்குள் ஓடியது. டாரெக், கழற்றிய தொப்பியோடு அந்தக் குளிரில் நிற்பதைப் பார்த்த பிறகு முடியவில்லை. போனில் மொழிபெயர்ப்பைத் திறந்து, "தண்ணீர் விட்டது நான்" என்று பேசி நீட்டினேன்.

மாரெக் அதை இரண்டு முறை கேட்டார். ஏன் என்றார். எங்கள் ஊரில் முப்பத்தெட்டு டிகிரி, கழுவாவிட்டால் வண்டி போய்விடும் என்றேன்.

"ஆயில் முப்பத்தெட்டுதானா? ரொம்ப நல்லதாயிற்றே" என்றது போன்.

"ஆயில் இல்லை. காற்று."

அவர் என்னையும் உடைந்த ஃபேனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஸ்போகொய்னியே" என்றார். நிதானமாக, என்று அர்த்தம். என்னை நினைத்துச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியாது. அன்று முழுதும் நானும் டாரெக்கும் விரல் மரத்துப்போகப் புது ஃபேன் மாட்டினோம். மூன்றாம் மாதக் கடைசியில் மாரெக் என் முன்னால் இரண்டு வருஷ ஒப்பந்தத்தை வைத்தார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து ரொசாரியைக் கூப்பிட்டேன். இங்கே காலை, அங்கே உச்சி வெயில்.

"நெலைச்சிட்டியால?"

"நெலைச்சிட்டேம்ல. ரெண்டு வருசம்."

"ஃபேன ஒடச்சவன அனுப்பிருவானுவன்னுல்லா நெனச்சேன்" என்றான். பிறகு, "வண்டி காயுதுல மக்கா. ஒன் எடத்துல ஒருத்தனையும் போடல. பாத்துச் சொல்லு."

ஊர் யார்டில் ஆயில் சூட்டைக் காட்டும் மீட்டர்கள் எப்போதோ செத்துவிட்டன. டேங்க்மேல் ஒருவன் உள்ளங்கையை வைக்க, இன்னொருவன் எண்ண வேண்டும். ஐந்துவரை தாங்கினால் வேலை நடக்கலாம். கை வைத்தவனே எண்ணினால் வேகமாக எண்ணி ஏமாற்றிவிடுவான் என்பதால் இந்த ஏற்பாடு. "இறங்கிக் கைய வைல, எண்ணுதேன்" என்றேன்.

"ஒண்ணு" என்றபோதுதான் பார்த்தேன், போன் பிடிக்காத என் கையும் உறை கழன்று விரிந்து நீண்டிருந்தது. உள்ளங்கையில் பனி விழுந்தது. "ரெண்டு." மூன்று சொல்வதற்குள் அங்கே "யம்மா" என்று கையை எடுத்துவிட்டான்.

"அள்ளாதல! அப்படியே நிப்பாட்டு!"

நான் போட்ட சத்தத்தில், எதிரே கரி அள்ளிக்கொண்டிருந்த டாரெக், பக்கெட்டை அந்தரத்தில் நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான்.