கண்ணுக்கெதிரே பினாங்கு

முப்பத்தாறாம் வருஷம் மாசி மாதத்தில் நானும் என் அகத்துக்காரரும் ஸ்ரீரங்கத்திலிருந்து கப்பல் யாத்திரை கிளம்பினோம். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு, சிங்கப்பூர், அங்கிருந்து வேறு கப்பலில் ஜாவா, பாலி வரை போய்த் திரும்புவதாக ஏற்பாடு. இவர் திருச்சிராப்பள்ளியில் ஒரு ஹைஸ்கூலில் முப்பது வருஷம் பூகோளம் கற்பித்தவர். சுவரில் தொங்கிய படத்தில் பிரம்பால் தொட்டுத் தொட்டுக் காட்டிய தீவுகளில் ஒன்றைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. ஓய்வு பெற்றதும், "வேதம், நீயும் வரதானா போறேன், இல்லேன்னா இந்தப் பேச்சே இல்லை" என்றார். எங்களுக்குக் குழந்தைகள் கிடையாது. கோயில் கைங்கரியத்தில் இருந்த மைத்துனர் மட்டும், "சமுத்திரம் தாண்டிட்டு வந்து என் ஆத்து வாசப்படி மிதிக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டுக்கொண்டுதான் புறப்பட்டோம்.

விடியும் முன்பே ஜட்கா வந்தது. ஜங்ஷனுக்குப் பன்னிரண்டு அணா. காவேரிப் பாலத்தில் ஏறியபோது மலைக்கோட்டை கறுப்பாகத் தெரிந்தது. உச்சிப் பிள்ளையார் கோயில் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வண்டிக்காரர், "எங்கேங்க சாமி, காசிக்கா?" என்றார். "கிழக்கே" என்றார் இவர். அதற்குமேல் சொன்னால் ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும் என்று பயம்.

ரயிலில் தஞ்சாவூர், திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் எண்பது மைலுக்குமேல். அங்கே கப்பல் கரையருகே வருவதில்லை. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில்தான் போக வேண்டும். அலையில் படகு ஒரு ஆள் உயரம் எழும்பி இறங்குகிறது. அது எழும்பும் கணம் பார்த்துக் கப்பலின் தொங்கு ஏணிக்குத் தாவ வேண்டும். "குதிங்கம்மா, இப்ப!" என்று படகுக்காரர் கத்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டு ரங்கா என்று குதித்தேன். என் மடிசார்த் தலைப்பு ஏணியில் மாட்டிக் கிழிந்தது. மேலே போய்ச் சேர்ந்ததும் இவர் சிரித்த சிரிப்பு, கல்யாணமான புதிதில்கூட நான் பார்த்திராதது.

எங்களுக்கு இரண்டாம் வகுப்பில் ஓர் அறை கிடைத்தது. கீழ்த்தளத்தில் ரப்பர் தோட்டத்துக்குப் போகும் ஜனங்கள் நூற்றுக்கணக்கில் பாய் விரித்துக் கிடந்தார்கள். முதல் நாள் சாயங்காலம் கம்பி ஓரம் நின்றபோது, கீழே யாரோ மண்ணச்சநல்லூர் சந்தையைப் பற்றிப் பேசுவது கேட்டது. கடல் நடுவே நம் ஊர்ப் பேச்சு! படியிறங்கிப் போய்விட்டேன். பேசியவள் செல்லம்மா. பத்தொன்பது, இருபது வயதிருக்கும். புருஷன் கறுப்பன். இருவரும் மணமாகி ஆறு மாதம் ஆகாதவர்கள். நான் கொண்டுபோன புளியோதரையில் ஒரு பொட்டலம் கொடுத்தேன். "கோயில் சோறு மாதிரி இருக்குங்கம்மா" என்றாள்.

அறைக்குத் திரும்பியதும் இவர் முகம் சுளித்தார். "அவா கூட்டத்துல போய் உட்காரணுமா? மடி ஆசாரம் போகட்டும், ஒரு வியாதி வெக்கை…"

"கடல் தாண்டும்போது போகாத மடியா இப்போ போயிடப்போறது?" என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் செல்லம்மாவுக்குக் கடும் ஜுரம். தலைவலி, இடுப்புவலி என்று முனகினாள். கப்பல் சமையற்காரரிடம் கஞ்சி வைத்துத் தரச் சொல்லி, தலையை மடியில் வைத்து ஊட்டினேன். மறுநாள் ஜுரம் தணிந்தாற்போல் இருந்தது. கறுப்பன் சந்தோஷப்பட்டான். நான் அவள் நெற்றியில் கை வைத்தேன். தோலுக்கு அடியில் துவரம்பருப்பு உருளுவதுபோல் விரலில் பட்டது. ஒன்று, இரண்டு, பிறகு மயிரோரம் நெடுக. வாயைத் திறக்கச் சொன்னேன். உள்ளேயும் இருந்தது.

என் பதினான்காவது வயதில் என் தம்பியைப் பெரியம்மையில் இப்படித்தான் பார்த்தேன். அவன் பிழைக்கவில்லை.

கறுப்பன் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். கப்பலேறுமுன் எல்லோருக்கும் அம்மை குத்தியிருந்தார்கள்; இவளுக்கு அந்தத் தடுப்பு பலிக்கவில்லை போலும். என் காலருகே குந்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "ஆத்தா வந்திருக்கா, தாயி. எனக்கும் தெரியுது. வாயத் தொறக்காதீங்க. டாக்டருக்குத் தெரிஞ்சா இவளத் தனியாப் பிரிச்சுக் கொண்டுபோயிருவாங்க. செத்தாலும் எனக்குக் காட்ட மாட்டாங்க. ரெண்டு நாள்ல கரை வந்துரும். சமயபுரத்தாளுக்கு மொட்டை போடறதா வேண்டியிருக்கேன்."

செல்லம்மாவின் பாயிலேயே, அவள் கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு பக்கத்துக் குடும்பத்தின் மூன்று வயதுப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

மேலே வந்து இவரிடம் சொன்னேன். இவர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு, "நீ தொட்டிருக்கே. உன்னையும் சேர்த்துப் பிடிச்சு வெச்சுடுவா. சிங்கப்பூர், ஜாவா எல்லாம் அத்தோட சரி. ரெண்டு நாள்தானே? பினாங்குல இறங்கினதும் அவா டாக்டரே கண்டுபிடிச்சுட்டுப் போறா. நாம ஏன் முந்திண்டு போய்ச் சொல்லணும்?" என்றார்.

"அந்தக் குழந்தை அவ கைமேல தலை வெச்சுண்டு தூங்கறது."

இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கறுப்பன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் என்னைப் பிய்த்தது. கப்பல் டாக்டர் வங்காளி. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. இவர் வராவிட்டால் நான் யாரிடம் என்னவென்று சொல்வேன்?

"நான் கையால ஜாடை காட்டியாவது சொல்லிடுவேன்" என்றேன். கதவைத் திறந்தேன். இவர் பின்னாலேயே வந்து மேல்சட்டையை மாட்டிக்கொண்டார். "ஜாடை காட்ட வேண்டாம். நான் வரேன்" என்றார்.

அரைமணிக்குள் கீழ்த்தளம் அமளிதுமளிப்பட்டது. கப்பலின் பின்கோடியில் கித்தான் கட்டி மறைத்துச் செல்லம்மாவை அங்கே தூக்கிப் போனார்கள். கறுப்பன் கித்தானைப் பிடித்து இழுத்தான். கப்பலாட்களான கலாசிகள் இரண்டு பேர் அவனை அடக்கினார்கள். எல்லோரையும் வரிசையில் நிறுத்தி அம்மை குத்தினார்கள். எனக்கும் இவருக்கும் சிறுவயதில் குத்திய தழும்பு இருந்தும் மறுபடி குத்தினார்கள். யாரோ ஒருத்தி, "ஐயர் வூட்டம்மா காட்டிக் குடுத்துருச்சு" என்றாள். கறுப்பன் என்னைப் பார்த்து, "சோத்தைப் போட்டுக் கழுத்தறுத்துட்டியே!" என்று கத்தினான். முதல் நாளிலிருந்து தாயி, அம்மா என்றவன்.

பினாங்கை நாங்கள் ஒரு காலை வேளையில் பார்த்தோம். பச்சை மலை, அதன் தோளில் வெண்மேகம், கரையோரம் ஓட்டுக் கூரைகள். எங்கள் கப்பலின் கொடிமரத்தில் தொற்றுநோய்க்கு அடையாளமான மஞ்சள் கொடி ஏற்றியிருந்தார்கள். விசைப்படகில் சுகாதார அதிகாரி வந்தார். மேல்வகுப்புப் பிரயாணிகள் கரையிறங்கலாம்; கீழ்த்தளத்தவர்களும் நோயாளியைத் தொட்டவர்களும் ஜெரெஜாக் என்ற சிறு தீவில் இருக்க வேண்டும் என்றார். பினாங்குக்கும் அக்கரைக்கும் நடுவே இருக்கிறது அந்தத் தீவு. இவர் நோயாளியைத் தொடவில்லை. இவர் போகலாம்.

"நீங்க இறங்குங்கோ. ஊரையாவது பாருங்கோ" என்றேன்.

"பார்த்துட்டு யார்ட்ட வந்து சொல்றது?" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகில் எனக்கு முன்னால் இறங்கினார்.

ஜெரெஜாக்கில் நீளமான கொட்டகைகள், தென்னைகள், பின்னால் அடர்ந்த காடு. நோயாளிகளின் விடுதி முள்வேலிக்கு அப்பால். எங்களுக்கு அரிசியும் பருப்பும் தந்தார்கள். மூன்று கல் வைத்து நானே சமைத்தேன். கால்வாய்போல் குறுகிய கடல், அதற்கு அப்பால் பினாங்கு. மோட்டார் போவதுகூடத் தெரிந்தது. தினம் காலையில் நாக்கை நீட்டச் சொல்லி, ஜுரம் பார்ப்பார்கள். அந்த நேரம் நெருங்க நெருங்கக் கொட்டகையில் பேச்சு அடங்கிவிடும். இரண்டாம் வாரம் இரண்டு பேரை வேலிக்கு அப்பால் எடுத்துப் போனார்கள். ஒருவர் திரும்பவில்லை. செல்லம்மாவைப் பற்றிக் கேட்டால், "இருக்கிறாள்" என்று மட்டும் பதில் வரும். செல்லம்மாவின் கையில் தூங்கிய குழந்தைக்கு ஒன்றுமில்லை. தினம் எழுந்ததும் முதலில் அதைத்தான் தேடிப் பார்ப்பேன்.

கொட்டகையில் யாரும் என்னோடு பேசவில்லை. கறுப்பன் நாள் முழுக்க வேலியோரம் உட்கார்ந்திருப்பான். நான் அந்தப் பக்கம் போனால் எழுந்து போய்விடுவான்.

பிறகு ஒரு நாள் காலை இவருக்குக் குளிர் நடுக்கம் எடுத்தது. பல் கிட்டியது. தொட்டால் சுடுகிறது. "இடுப்பு வலிக்கறதா?" என்று கேட்டேன். "வலிக்கறது" என்றார். செல்லம்மாவும் அப்படித்தான் முனகினாள். இவரைத் தனியறைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். வேலிக்கு அப்பால் போகவில்லை, ஆனால் உள்ளே என்னை விடவில்லை. வாசலில் உட்கார்ந்தேன். கறுப்பன் பயந்தது என்னவென்று அங்கேதான் எனக்கு உடம்பில் புரிந்தது. ஒரு கதவு, அதற்கு அந்தப் பக்கம் நம் மனுஷர், எப்படி இருக்கிறார் என்று சொல்ல ஆள் இல்லை.

உச்சி வெயிலில் கறுப்பன் வந்து எதிரே நின்றான். "ஐயாவுக்கும் ஆத்தாவா?" என்றான்.

"தெரியலைப்பா."

அவன் போய்விட்டு ஒரு வாளித் தண்ணீரோடு திரும்பி வந்து என் பக்கத்தில் வைத்தான். அன்று முழுவதும் அந்தத் தண்ணீர்தான் எனக்கு ஆகாரம்.

மறுநாள் ஜுரம் விட்டது. அதற்கு மறுநாள் அதே வேளைக்குத் திரும்பி வந்தது. அம்மைதான் என்று நினைத்தேன். ஆனால் டாக்டர் இல்லை என்று தலையசைத்தார். முறை ஜுரம், கொசுவால் வருவது, கொய்னா மருந்து கொடுத்தால் போதும் என்றார். உள்ளே விட்டதும் நான் இவர் நெற்றியையும் மயிரோரத்தையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. "என்ன தேடறே?" என்றார். நான் அழுதுவிட்டேன்.

எங்கள் கெடு முடிந்தும், இவர் தேறவேண்டியிருந்ததாலும் ஊர் திரும்பும் கப்பலுக்காகவும் சில நாள் அங்கேயே தங்கினோம். மேலே போகும் எண்ணத்தை இவர் விட்டுவிட்டார். அந்த நாட்களில்தான் செல்லம்மாவை வெளியே விட்டார்கள்.

வேலிக் கதவருகே வெள்ளைப் புடவை சுற்றி, எலும்பும் தோலுமாக நின்றாள். முதலில் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு என்னைத் தெரிந்தது. "அம்மா, நீங்கதான் சொன்னீங்கன்னு சொன்னாங்க" என்றாள். கோபமா என்று எனக்குப் புரியவில்லை. பிறகு கேட்டாள்: "உள்ள கண்ணாடியே கிடையாதும்மா. யாரக் கேட்டாலும் நல்லாருக்கேங்கறாங்க. நீங்க சொல்லுங்க. எம் மூஞ்சி எப்படிம்மா இருக்கு?"

நல்லாயிருக்கு என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"கன்னம், மூக்கு எல்லாம் குழி விழுந்திருக்கு. நிறைய இருக்கு. போகாது. ஆனா கண் ரெண்டும் பழுதில்லை" என்றேன்.

அவள் இரண்டு கையாலும் முகத்தைத் தடவினாள். மெல்ல, நெற்றியிலிருந்து மோவாய் வரை. "அவருக்கு அடையாளம் தெரியுமா?" என்றாள்.

கறுப்பன் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியாது. அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். அவள் கையிலிருந்த துணி மூட்டையை வாங்கிக்கொண்டு, தோளிலிருந்த துண்டை எடுத்து அவள் தலையில் போட்டு, முகத்துக்கு நிழல் விழும்படி இழுத்துவிட்டான்.

"வெயில்ல நிக்காத. தோலு இன்னும் ஆறல" என்றான்.

இருவரும் படகுத்துறைப் பக்கம் நடந்தார்கள். தோட்டத்துக்குப் போகும் படகு காத்திருந்தது. அவன் என் பக்கம் திரும்பவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. படகில் உட்காருமுன் செல்லம்மா மட்டும் திரும்பினாள். துண்டை விலக்கி, முழு முகத்தையும் எனக்குக் காட்டி, சரி என்பதுபோல் தலையை ஆட்டினாள்.