சங்கிலி வண்டியின் தோல் வார்

சாயங்காலம் வண்டியைத் துடைத்து முடித்ததும் கங்கப்பன் என்ஜின் மூடியான பானெட்டின் குறுக்கே கட்டியிருக்கும் தோல் வாரிடம் வருவான். கட்டைவிரலில் ஒரு பொட்டு விளக்கெண்ணெய் தொட்டு, வாரை முனையிலிருந்து முனை வரை நீவுவான். தோல் வெடித்த இடத்தில் விரல் கொஞ்சம் நிற்கும். பிறகு பக்கிளை எடுத்து ஒரு துளை தளர்த்திப் போடுவான். காலையில் மறுபடி இறுக்குவான். யாரும் சொல்லித்தந்து செய்ததில்லை. பகலெல்லாம் கட்டுண்டு கிடந்தது ராத்திரியாவது மூச்சு விடட்டும் என்று, அஞ்செட்டி மலைப்பக்கம் மாடு வளர்க்கும் குடும்பத்தில் பிறந்தவனுக்குத் தானாக வந்த பழக்கம்.

வண்டி, பிரேஸர் நாஷ் என்ற இங்கிலீஷ் கார். பச்சை நிறம், இரண்டே பேர் உட்காரலாம். சக்கரத்தைச் சங்கிலி இழுக்கும் என்பதால் ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் அதற்குச் சங்கிலி வண்டி என்றே பேர். பெங்களூரில்கூட அப்படி இன்னொன்று கிடையாது. பட்டாளத்தை விட்டு வந்த துரை அதைக் கப்பலில் கொண்டுவந்திருந்தார். துரை போன கார்த்திகையில் இறந்தார். அதிலிருந்து வண்டி ஷெட்டை விட்டு நகரவில்லை, கங்கப்பனும் நகரவில்லை. மனைவி கெம்பம்மா பிரசவத்தில் போன பிறகு மலையிறங்கி, துரையிடம் வண்டி துடைக்கும் வேலைக்கு வந்தவன் அவன். அவன் பாய் வண்டியின் பக்கத்திலேயே கிடந்தது. நாளில் அவன் பேசும் வார்த்தைகளைச் சமையல்கார வெங்கடம்மா ஒருத்திதான் கேட்டாள்.

துரைசாணி சீமைக்குத் திரும்புகிறாள், சாமான்களோடு வண்டியும் ஏலத்துக்கு வருகிறது என்று தெரிந்த அன்று, களியை வைத்துக்கொண்டே வெங்கடம்மா சீண்டினாள்.

"ஏங்கண்ணா, வண்டிய எடுக்கறவன் உன்னயும் சேத்து எடுத்துக்குவானா? இல்ல, உன்ன தனியா ஏலம் உடணுமா?"

"வாங்கறவங்ககிட்ட சொல்றேன்னு தொரசாணி சொல்லியிருக்குது."

"உன்ன எவன் கேப்பான்? செயினு கூட இல்ல உனக்கு."

அவன் சிரித்தான். ஆனால் அன்றே காக்கிச் சட்டையைத் துவைத்துப் போட்டான். வண்டி போகும் இடத்துக்குத் தானும் போக வேண்டும். அதற்கப்பால் அவனுக்கு யோசனையே ஓடவில்லை.

ஏலத்தன்று பங்களா வாசலில் கூட்டம். கட்டில், கண்ணாடி, பீங்கான் எல்லாம் போன பிறகு வண்டியை வெளியே தள்ளி வந்தான். கேட்டவர்கள் இரண்டே பேர். ஏலக்காரர் "ஒருதரம், ரெண்டுதரம்" என்று இழுத்து, "மூணுதரம்" சொன்னபோது வண்டி பெங்களூர்ப் பட்டு வியாபாரி நஞ்சுண்டையாவுக்கு ஆகியிருந்தது. துரைசாணி அவரிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிக் கங்கப்பனைக் காட்டினாள்.

"சரி, வாப்பா. ஷெட்ல எடம் இருக்கு. ஏறிக்கோ" என்றார் நஞ்சுண்டையா.

கங்கப்பன் தன் துணிமூட்டையை இடது சீட்டில் வைத்தான். வைத்தவன் ஏறவில்லை. முன்பக்கம் வந்து வாரை அவிழ்த்தான். அவன் ஊரில் மாட்டை விற்றால் மாட்டைத்தான் கொடுப்பார்கள். கயிறு வீட்டில் தங்கும். கயிறும் சேர்ந்து போனால் வீட்டு லட்சுமியும் பின்னாலேயே போய்விடுவாள். வாங்குகிறவர் தன் கயிற்றோடு வர வேண்டும். அவன் வாரைச் சுருட்டி, இரண்டு கையாலும் துரைசாணியிடம் நீட்டினான். அவள் புரியாமல் வாங்கிக்கொண்டாள்.

"ஏனப்பா இது? வண்டி வாசல் தாண்டல, அதுக்குள்ள கழட்டிக் குடுக்கறயா?" நஞ்சுண்டையாவின் முகம் மாறியது.

"மாட்டை வித்தா கவுறு குடுக்கறதில்லீங்க சாமி. நீங்க வேற கட்டிக்குங்க."

"இது மாடா?"

கூட்டம் சிரித்தது. "பாலு கறக்குமான்னு கேளுங்க!" என்றது ஒரு குரல்.

"வாங்கிக் கட்டு. கட்டிட்டு ஏறு. இல்லன்னா மூட்டையை எறக்கு" என்றார் நஞ்சுண்டையா.

துரைசாணி அவசரமாக வாரை நீட்டினாள். "கங்கப்பா, எடுத்துக்கோ. நீ போ" என்றாள், தனக்குத் தெரிந்த தமிழில்.

அவன் கையை நீட்டவில்லை. வீட்டுக்கென்று கொடுத்ததை எப்படித் திரும்ப வாங்குவது? புருஷனைக் கல்லறையில் விட்டுவிட்டு, கட்டில் கண்ணாடிகூட இல்லாமல் கடல் தாண்டப் போகிறவள். அவளிடமிருந்தா? அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இருக்கட்டும்மா."

அவனே மூட்டையை இறக்கினான். யாரோ கொடுத்த தேங்காய்நார்க் கயிற்றால் பானெட்டைக் கட்டினார்கள். வண்டி ஓசூர்ச் சாலையில் திரும்பி மறையும்வரை கயிற்றின் நுனி காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. கட்டியவன் மிச்சத்தைச் செருகத் தெரியாதவன் என்று கங்கப்பன் நினைத்தான்.

அன்று சாயங்காலம் வெறும் ஷெட்டில் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தான். கட்டைவிரலில் தொட்டும் விட்டான். நீவ வார் இல்லாததால் விரலைத் தன் முழங்காலிலேயே நீவிக்கொண்டான். விடிந்ததும் அஞ்செட்டிச் சாலையில் நடந்தான். அங்கே அண்ணன் மக்கள் இருந்தார்கள். இவனை அடையாளம் தெரியாத வயது.

துரைசாணியை வழியனுப்பப் பெங்களூர் ரயிலடிவரை போனவள் வெங்கடம்மா. அவள் இதைச் சொன்னது பல வருஷம் கழித்து. அப்போது கங்கப்பன் உயிரோடு இல்லை. ரயிலில் துரைசாணியின் படுக்கைச் சுருட்டைச் சுற்றிக் கட்டியிருந்தது அந்த வார்தானாம். போர்ட்டர் இறுக்கிக் கட்டிய பக்கிளை, ரயில் புறப்படுமுன் துரைசாணியே குனிந்து எடுத்து, ஒரு துளை தளர்த்திப் போட்டாளாம்.