டப்பாவின் அடியில் நின்ற நீர்

சுருள்முடியை நேராக்கும் கிரீமில் காரம் இருக்கிறது. அடைத்துக்கொண்ட குழாயில் ஊற்றுவார்களே, அதே காரம்தான். அளவு மட்டும் குறைவு. மெழுகும் எண்ணெயும் நீரும் ஒன்றாய்க் கலந்து அதைப் பிடித்து வைத்திருக்கும் வரை அது முடியை மட்டும் இளக்கும். பிடி விட்டால் தோலைத் தின்னும். அந்தப் பிடி விடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. மலேசியாவில், சுங்கைப் பட்டாணியில் ஒரு சின்ன அழகுப்பொருள் தொழிற்சாலை. அதன் ஆய்வகத்தில் நான் ஒருத்திதான்.

அந்த வருடம் வழக்கமாக வாங்கும் மெழுகு வரவில்லை. முதலாளி வேறொன்றை வரவழைத்தார். "ரெண்டும் ஒரே சாமான்தான் லா, பேருதான் வேற" என்றார். அப்படியில்லை என்று எனக்குத் தெரியும். புது மெழுகில் கலந்திருந்த ஒரு பொருள், காரத்தோடு சேர்ந்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சோப்பாகிவிடக்கூடியது. எத்தனை நாளில் என்பதுதான் தெரியாது. அதற்கு மாதிரி டப்பாக்களைச் சூட்டு அலமாரியில் மூன்று மாதம் வைத்துப் பார்க்க வேண்டும். நான் பத்து நாள் வைத்தேன். வெண்ணெய் மாதிரி இருந்தது. விற்பனைக்கு அனுப்பலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். யாரும் என் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை.

டப்பாக்கள் கடைகளுக்குப் போன ஐந்தாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலை, எடுத்து வைத்திருந்த மாதிரி டப்பா ஒன்றைத் திறந்தேன். மேலே ஒரு குறையும் தெரியவில்லை. கரண்டியை அடிவரை விட்டபோது ஏதோ சளக்கென்றது. சாய்த்துப் பார்த்தேன். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தெளிந்த நீர். சோதனைத் தாளை நனைத்ததும் அது கருநீலமாகிவிட்டது. காரமெல்லாம் நீரோடு இறங்கி அங்கே தேங்கியிருந்தது.

உடனே முதலாளிக்குப் போன் செய்தேன்.

"எல்லா டப்பாவையும் திருப்பி எடுக்கணும் பாஸ். இன்னிக்கே."

"பாலிங் ஊர்க் கடைகள நான் கூப்பிடுறேன். இங்க உள்ளத நீ பாரு" என்றார்.

என் பங்கில் ஐந்து முடி அலங்காரக் கடைகள். நான்கு பேர் போனை எடுத்தார்கள், கிரீமைத் தொடுவதை நிறுத்திவிட்டார்கள். ஐந்தாவது, புக்கிட் செலம்பாவில் கடை வைத்திருந்த அக்கா. நானே நேரில் போய், நல்ல கிரீம் என்று சொல்லிக் கொடுத்த கடை. அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. போன வாரம்தான் அவர் குரல்செய்தி அனுப்பியிருந்தார்: "கிரீம் நல்லா இருக்கு தங்கச்சி, பாதி முடிஞ்சிருச்சி."

மேல் பாதி முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது அடிப்பாதி.

மோட்டார் சைக்கிளை எடுத்தேன். செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று வளைவு வளைவாக எனக்கு முன்னால் ஊர்ந்தது, முந்தவும் முடியவில்லை. இத்தனை நேரத்தில் யார் தலையிலாவது பூசியிருப்பார், கண்ணில் வழிந்திருக்கும் என்று மனம் ஓடியது. ஹெல்மெட்டுக்குள் என் மூச்சே எனக்குப் பெரிதாகக் கேட்டது.

கடைக்குள் ஒரு பெண் நாற்காலியில் இருந்தாள். இருபது வயதிருக்கும். பின்தலை முழுக்க வெள்ளைக் கிரீம். அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார்.

"எரியுது கா" என்றாள் அந்தப் பெண்.

"கொஞ்சம் எரியத்தான் செய்யும் லா" என்றார் அக்கா.

"கழுவுங்க கா, இப்பவே" என்றேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் எதுவும் கேட்காமல் குழாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. காலையிலிருந்து அந்த வட்டாரத்துக்கே தண்ணீர் இல்லையாம். இருந்தது ஒரு வாளி.

அந்தப் பெண்ணின் கண்களில் துண்டை மடித்துக் கட்டி, தலையைத் தொட்டியில் சாய்த்து, வாளியைக் கவிழ்த்தேன். போதவில்லை. அக்கா அடுத்த சாப்பாட்டுக் கடைக்கு ஓடினார். அங்கே ஒரு பீப்பாயில் பிடித்து வைத்திருந்தார்கள். கடைக்காரர் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு அவரே இரண்டிரண்டு வாளியாகத் தூக்கி வந்தார்.

"எலுமிச்ச ஊத்துனா காரம் முறிஞ்சிடும்ல?" என்றார் அம்மா.

"வேணாம் ஆண்ட்டி, சூடு இன்னும் ஏறும். தண்ணி மட்டும்."

எத்தனை வாளி என்று எனக்கு நினைவில்லை. அந்தப் பெண் அழவில்லை. என் சட்டை நுனியை இறுகப் பிடித்திருந்தாள். வலது காதுக்குப் பின்னால் கையை விட்டபோது முடி வெந்த மீஹூன் சேமியா போல வழுக்கி என் விரல்களோடு வந்துவிட்டது. கீழே தோல் செக்கச்சிவந்து, ஓரத்தில் வெளுத்திருந்தது. அதை அவளுக்குக் காட்டாமல் கையை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் அம்மா கேட்டார். "நீங்க யாரும்மா?"

"இந்தக் கிரீம செஞ்சது நான்தான்."

அவர் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. "அடுத்த வாரம் இவளுக்கு நிச்சயதார்த்தம்" என்று மட்டும் சொன்னார்.

கிளினிக்குக்கு நானும் போனேன். வேர் பிழைத்திருக்கிறதா என்று இப்போது சொல்ல முடியாது, காத்திருங்கள் என்றார் டாக்டர். நிச்சயதார்த்தத்தில் பூ வைத்து மறைத்தார்களாம். மூன்றாவது மாதம் அந்த அம்மா ஒரு படம் அனுப்பினார். காதுக்குப் பின்னால் மெல்லிய கறுப்பு முடி முளைத்திருந்தது. படத்தோடு ஒரு வார்த்தையும் இல்லை. நான் பலமுறை எழுதி அழித்து, கடைசியில் நன்றி என்று மட்டும் அனுப்பினேன்.

பழைய மெழுகு வந்ததும் கிரீமை மறுபடி செய்தேன். மூன்று மாதம் முடியும்வரை யார் கேட்டும் கையெழுத்துப் போடவில்லை. முதலாளியும் அவசரப்படுத்தவில்லை.

போன டப்பாக்கள் எல்லாம் திரும்பி வந்தன, ஒன்றைத் தவிர. அது பாலிங்கில் ஒரு கடையிலிருந்து போனது. அந்த வழியாகப் போன ஒரு பெண் நின்று வாங்கிப் போனாராம். கடைக்காரருக்கு அவர் முகம்கூட நினைவில்லை. கடை வாசலில் அறிவிப்பு ஒட்டினோம். நான் இரண்டு முறை போய் அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. ஒருவேளை அவர் அதைத் திறக்காமலே தூக்கிப் போட்டிருக்கலாம். ஏதோ ஒரு வீட்டு அலமாரியில் இன்னும் இருக்கலாம்.