பெயரில்லாத மருந்துச் சீட்டு

இன்று வேலூர் நீதிமன்றத்துக்கு வரும் பேருந்தில், அருகில் அமர்ந்திருந்த ஆம்பூர்த் தோல் தொழிலாளி ஒருவர் என் கறுப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு ஒரு மருந்துச் சீட்டை நீட்டினார்.

"வக்கீல் சார், எனக்குப் படிக்கத் தெரியாது. இதுல எங்க ஊட்டுக்காரி பேரு எங்க இருக்குது, காட்டுங்க."

இருமுறை படித்தேன். மருந்துகள் மட்டுமே இருந்தன. நோயாளியின் பெயர், வயது, தேதி எதுவும் இல்லை.

"பேர் இல்லையே. கம்பவுண்டர் மருந்து தரமாட்டேங்கறாரா?"

"அதெல்லாம் குடுத்துட்டாரு சார். அவதான் போன வாரம் போய்ட்டா. போட்டோ, கார்டு எதுவும் எடுத்ததில்ல. அவளுக்குன்னு எழுதின காகிதம் இது ஒண்ணுதான். கண்ணாடி போட்டு மாட்டலாம்னு... நல்லா பாருங்க சார், மூலையில கீலையில இருக்கும்."

பிறர் எழுதிய ஆவணத்தில் ஓர் எழுத்தையும் சேர்க்கலாகாது என்று கட்சிக்காரர்களை எச்சரிப்பவன் நான். ஆயினும் பேனாவைத் திறந்தேன்.

"பேர் சொல்லுங்க."

"ராஜம்மா."

மேலே வெற்றிடமாக இருந்த இடத்தில் எழுதிக் கொடுத்தேன். மை காய்ந்த பின்னும், இறங்கும்வரை அவர் சீட்டை மடிக்கவில்லை.

நான் செய்தது ஆவணத் திருத்தமே. ஆட்சேபமுள்ள நண்பர்கள் தெரிவிக்கலாம். மருத்துவருக்கு ஆட்சேபம் இருந்தால், அது யாருடைய சீட்டு என்பதை முதலில் அவர் சொல்லட்டும்.